இரண்டாம் கன்ட்ரோலரின் குணம்

சந்தேகப்படுவதுதான் என் உத்தியோகம். தராசு, வெப்பமானி, அழுத்தமானி, ஓட்டப் பந்தயத்தில் நேரம் பார்க்கும் கடிகாரம், எதுவானாலும் எங்கள் அளவுத்திருத்தக் கூடத்துக்கு வந்து என் மேஜையில் குற்றவாளி மாதிரி நிற்க வேண்டும். சரியாக அளந்தால் பச்சை ஸ்டிக்கர். தப்பாக அளந்தால் சிவப்பு ஸ்டிக்கர். அதில் ‘பழுது’ என்று ஒரே ஒரு சொல். பதினாறு வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சிவப்பை ஒட்டும்போது உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வரும் என்பதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு கருவியைச் சந்தேகப்படாமல் விட்டேன். அது எங்கள் வீட்டு வீடியோ கேம் பெட்டி.

அதற்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று உண்டு. நானும் அக்காவும் அதை ஒருநாளும் சொன்னதில்லை. எங்களுக்கு அது பெட்டி. எனக்கு எட்டு வயதில் அப்பா வாங்கி வந்தார். சாம்பல் நிற பிளாஸ்டிக். அதன் வயிற்றிலிருந்தே இரண்டு ஒயர்கள் கிளம்பி இரண்டு கன்ட்ரோலர்களில் போய் முடியும். கழற்றவும் முடியாது, மாற்றிச் செருகவும் முடியாது. முதலாவது என்றைக்கும் முதலாவது, இரண்டாவது என்றைக்கும் இரண்டாவது. அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். யாருக்கு எது என்று வீட்டில் பேச்சே எழவில்லை.

நாங்கள் ஆடியது ஒரே விளையாட்டு. இரண்டு திருடர்கள் மொட்டை மாடிகளின் மேல் ஓடுவார்கள். சிவப்புச் சட்டை அக்கா, நீலச் சட்டை நான். மாடிக்கும் மாடிக்கும் நடுவே சந்து. பட்டனை அழுத்தினால் திருடன் குதிப்பான். விளிம்பில் கால் இருக்கும்போது அழுத்தினால் தாண்டிவிடுவான். பிந்தினால் சந்தில் விழுந்து நாயிடம் மாட்டுவான். முதலில் கடைசி மாடியைத் தொடுகிறவர் ஜெயித்தவர்.

நான் மாட்டிக்கொண்டே இருந்தேன். விளிம்பில்தான் அழுத்துவேன், ஆனால் என் திருடன் கால் காற்றுக்குப் போன பிறகே குதிக்க நினைப்பான். போகப் போக, விளிம்புக்கு முன்னாலேயே குத்துமதிப்பாக அழுத்தப் பழகிக்கொண்டேன். அப்போதும் பத்துக்கு மூன்று முறைதான் தப்பித்தேன். “உன் கை பாசஞ்சர் வண்டிடி. எல்லா ஸ்டேஷன்லயும் நின்னுதான் வரும்” என்றாள் அக்கா. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்கு வந்தது, கல்லூரிக்கு வந்தது, இன்றைக்கும் அக்காவின் ஃபோனில் என் நம்பருக்குப் பெயர் பாசஞ்சர்தான்.

நானும் நம்பினேன். யாராவது பந்தை எறிந்தால் பிடிக்கப் போக மாட்டேன், விலகிக்கொள்வேன். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. பிரேக்கை மிதிக்க என் கால் எந்த ஸ்டேஷனில் நிற்குமோ என்ற பயம். கை மந்தமானவள் என்பதால்தான், அவசரமே இல்லாத இந்த வேலைக்கு வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. எமுலேட்டர் எழுத ஆரம்பித்தேன். எமுலேட்டர் என்றால், நம் கம்ப்யூட்டரை அந்தப் பழைய பெட்டியாக நடிக்க வைக்கும் புரோகிராம். உலகத்தில் அந்தப் பெட்டிக்கு ஏற்கெனவே நாலைந்து எமுலேட்டர்கள் இருந்தன. எல்லாம் சுத்தமாக, வழவழவென்று, தப்பே செய்யாமல் ஓடின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பெட்டி அப்படியா இருந்தது? ஒரே வரிசையில் எட்டு உருவங்களுக்கு மேல் அதற்கு வரையத் தெரியாது. காகம், நாய், இரண்டு திருடர்கள், பூந்தொட்டிகள் எல்லாம் ஒன்றாக வந்தால் ஒருவர் மாற்றி ஒருவர் மறைந்து மறைந்து தோன்றுவார்கள். ஆட்டத்தை நிறுத்தி வைத்தால் ஸ்பீக்கரில் ஒரு முனகல் கேட்கும். சிவப்பு நிறம் வலது பக்கமாகக் கொஞ்சம் வழியும். ஒரு மனிதரைப் போல நடிப்பது என்றால் குரலை மட்டும் பிடித்தால் போதுமா, இருமலையும் பிடிக்க வேண்டாமா?

நான் இருமலைப் பிடித்தேன். கூடத்திலிருந்து, மின்னலைகளைத் திரையில் கோடாகக் காட்டும் அலைக்காட்டியை இரவல் வாங்கி வந்து முனகலை அளந்தேன். சிவப்பு எத்தனை புள்ளி வழிகிறது என்று எண்ணினேன். கடைசியாகக் கன்ட்ரோலர்களுக்கு வந்தேன். இருநூறு கிராம் எடை ஒன்று ஒரே உயரத்திலிருந்து, ஒரே வேகத்தில் பட்டன் மேல் இறங்கும்படி ஒரு சின்னக் கை செய்தேன். எடை பட்டனைத் தொட்ட நேரத்துக்கும் பெட்டிக்குச் செய்தி போன நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு? முதல் கன்ட்ரோலரில் ஒன்றுமே இல்லை. இரண்டாவதில் ஒரு நொடியை இருபது கூறு போட்டால் அதில் ஒரு கூறு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அதற்குள் திரையில் படம் மூன்று தடவை மாறிவிடும், திருடன் சந்தில் இருப்பான்.

பத்தாயிரம் முறை அளந்தேன். ஒரே பதில்.

இந்த இடத்தில் புத்தியுள்ள எவளும் கன்ட்ரோலரைத் திறந்து பார்த்திருப்பாள். நான் திறக்கவில்லை. காரணம், அதன் அடியில் கம்பெனியின் காகிதச் சீல் கிழியாமல் அப்படியே இருந்தது. ‘திறந்தால் உத்தரவாதம் செல்லாது’ என்ற சீல். இத்தனை வருஷம் கழித்தும் சீல் உடையாத பெட்டி யாரிடம் இருக்கிறது? எனக்கு அதில் அவ்வளவு கர்வம். திறக்காமலேயே ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். இரண்டாவது கன்ட்ரோலரின் செய்தியைப் பெட்டி வேண்டுமென்றே நிதானமாகப் படிக்கிறது, வடிவமைத்தவர்கள் எங்கேயோ ஒரு சிப்பை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று மூன்று பக்கத்துக்கு ஒரு கட்டுரை. தலைப்பு: ‘இரண்டாம் கன்ட்ரோலரின் குணம்’. அந்தத் தாமதத்தை அப்படியே எமுலேட்டரிலும் வைத்தேன்.

பழைய பெட்டிக்காரர்களின் இணைய மன்றத்தில் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஆயிரக்கணக்கில் இறக்கிக்கொண்டார்கள். ‘ரெண்டாவது ஆள் கை கொஞ்சம் லேட்டா இருக்கே’ என்று அவ்வப்போது யாராவது கேட்பார்கள். ‘அது பெட்டியின் குணம், கட்டுரையைப் படிக்கவும்’ என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடுவேன்.

ஒரே ஒருவர் மட்டும் அடங்கவில்லை. மன்றத்தில் அவர் பெயர் பழைய ஃப்யூஸ். தன்னிடமும் அதே பெட்டி இருப்பதாகவும், தான் அளந்ததில் இரண்டு கன்ட்ரோலரும் ஒன்றாகவே இருப்பதாகவும் எழுதினார். நான் என் உத்தியோக அனுபவத்தை மொத்தமாக எடுத்து அவர் மேல் கொட்டினேன். ‘எதை வைத்து அளந்தீர்கள்? கைக்கடிகாரத்தை வைத்தா?’ என்று கேட்டேன். மன்றமே சிரித்தது. அவர் பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மரியாதையாக, அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இந்த வருஷம் ஊர் நூலகத்தின் மாடியில் பழைய கணினிகளுக்கும் விளையாட்டுப் பெட்டிகளுக்கும் ஒரு கூடம் திறப்பதென்று முடிவானது. அசல் பெட்டிகளைக் கூட்டத்தின் கையில் கொடுத்தால் ஒரு வாரம் தாங்காது. அதனால் பார்க்க வருகிறவர்கள் ஆடுவதற்கு எமுலேட்டர் வைப்பார்கள். அந்தப் பெட்டிக்கு என்னுடையதை வைப்பதாக நூலகர் கடிதம் அனுப்பினார். பக்கத்தில் அட்டையில் என் பெயர், அதன் கீழே ‘அசலுக்கு மிக நெருக்கமானது’ என்ற வாசகம். கடிதத்தை ஏழு தடவை படித்தேன். கடைசிப் பத்தி மட்டும் உறுத்தியது: ஒருவர் ஆட்சேபம் தெரிவித்திருப்பதால், சனிக்கிழமை காலை அவர் பெட்டி, உங்கள் பெட்டி இரண்டையும் எல்லார் முன்னிலையிலும் அளந்து பார்த்துவிடலாம்.

பழைய ஃப்யூஸ் வருகிறார். வரட்டும், மூக்கை உடைத்து அனுப்பலாம் என்று இருந்தேன்.

புதன்கிழமை பெட்டியைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன், இரண்டாவது கன்ட்ரோலரின் ஒயர் அடிப்பக்கம் நைந்து தொங்கியது. திறந்து பற்றவைத்தே ஆக வேண்டும். மனசே இல்லாமல் எங்கள் அளவுத்திருத்தக் கூடத்துக்கு எடுத்துப் போய், மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும், பிளேடால் சீலை நெம்பினேன். கிழியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒட்டுகிற வெள்ளைப் பசை காய்ந்து, அப்பளம் மாதிரி உடைந்து வந்தது. கம்பெனிக்காரன் அந்தப் பசையையா போடுவான்?

நான்கு திருகாணிகள். மூடியைத் தூக்கினேன்.

குதிக்கும் பட்டனுக்கு அடியில், அதைச் சுற்றி வளையமாக, மிகச் சுத்தமாக வெட்டிய ஒரு ரப்பர் துண்டு. பட்டன் கீழே போய்த் தொட வேண்டிய இடத்தைத் தொடுவதற்கு முன் அந்த வளையத்தை நசுக்கிவிட்டுத்தான் போக வேண்டும். இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இளஞ்சிவப்பு. ஓரத்தில் பாதி ஸ்ட்ராபெர்ரிப் படம்.

முகர்ந்து பார்த்தேன். முப்பத்தொரு வருஷம் ஆகியும், லேசாக வாசனை இருந்தது.

அது என்னுடைய ரப்பர். நாலாம் வகுப்பில் தொலைந்து போனது. என் பக்கத்து இடத்து ரெட்டைச் சடைதான் எடுத்தாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி, வருஷம் முடியும் வரை அவளோடு பேசாமல் இருந்தேன்.

அந்த நிமிஷம் எனக்குக் கோபம் வரவில்லை. பத்தாயிரம் முறை அளந்தேனே, எதை அளந்தேன்? எந்த அளவையும் ஒரே கருவியை வைத்து நம்பாதே என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்கிறவள் நான். அதோடு இன்னொன்றும் உறைத்தது. உலகம் பூராவும் வீட்டுக்கு வீடு இரண்டாவது கன்ட்ரோலர் யார் கையில் இருக்கும்? தம்பி தங்கைகள் கையில். அத்தனை பேரையும் எட்டு வருஷமாக நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தது, இந்தத் தங்கை.

கோபம் பஸ்ஸில் போகும்போது வந்தது.

அக்கா பல் டாக்டர். நான் நுழைந்தபோது நாற்காலியில் ஒருவர் மல்லாந்து கிடந்தார். வாயில் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், அக்காவின் இரண்டு கைகள். நான் ரப்பர் இருந்த பிளாஸ்டிக் கவரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

“அக்கா, இது என்ன?”

அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “பல்லா? எந்தப் பல்லு? வெளியில உக்காரு, கேஸ் பாத்துட்டிருக்கேன்.”

“ரப்பர். ஸ்ட்ராபெர்ரி வாசனை. என்னோடது.”

டிரில் நின்றது.

“எங்கேருந்து எடுத்தே?”

“ரெண்டாவது கன்ட்ரோலருக்குள்ள இருந்து.”

நாற்காலிக்காரரின் கண்கள் என்னிடமிருந்து அக்காவுக்குப் போயின. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. “வாயை நல்லாத் திறங்க சார்” என்றாள். அவர் ஏற்கெனவே திறந்துதான் வைத்திருந்தார்.

“பதில் சொல்லுக்கா. சாட்சி இருக்காரு.”

சாட்சி “ஆங்” என்றார்.

“பன்னெண்டு வயசுல பண்ணினதுடி. அதுக்கு இப்ப வந்து, பேஷன்ட் முன்னாடி...”

“சீலை எப்படி எடுத்தே?”

இதைக் கேட்டதும் மட்டும் அவள் முகத்தில் ஒரு பெருமை வந்துவிட்டது. “கெட்டில் ஆவியில காட்டினா இளகிடும். சாமணத்தால மெதுவா உரிச்சா கிழியாது. ரப்பரை அப்பாவோட ஷேவிங் பிளேடால வெட்டினேன். உள்ள வட்டம், வெளி வட்டம், ரெண்டும் பிசிறில்லாம வந்துச்சு பாத்தியா? அப்பவே தெரிஞ்சிருக்கணும் நான் இந்த வேலைக்குத்தான் வருவேன்னு.”

“ஏன் பண்ணினே?”

அவள் ஸ்டூலில் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கொஞ்சம் பின்னால் போனாள். “நீ ஜெயிச்சுட்டேடி.”

“நான் எப்ப ஜெயிச்சேன்?”

“உனக்கு ஞாபகமே இல்லையா? ஒரே சாயங்காலம், நாலு தடவை, வரிசையா. அப்பா கைதட்டினாரு. ‘சின்னவ கை என்ன வேகம் பாரு’ன்னாரு. நான் மூத்தவ. எனக்குப் பொறுக்கலை. ஒரு வாரம் வெச்சிட்டு எடுத்திடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் ஜெயிச்சு ஜெயிச்சுப் பழகிப் போச்சு.”

சின்னவ கை என்ன வேகம் பாரு. அப்பா சொன்னாராம். அந்த ஒரு வாக்கியத்தை அவள் வெட்டி எடுத்து உள்ளே வைத்துச் சீல் வைத்துவிட்டாள். அந்த நிமிஷம் அக்காவை எனக்குப் பிடிக்கவே இல்லை, அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை.

அக்கா மெல்ல நாற்காலிக்காரரின் வாயிலிருந்து பஞ்சை எடுத்தாள். அவர் மரத்துப்போன உதட்டைக் கஷ்டப்பட்டு அசைத்தார்.

“நானும் மூத்தவன்தான் டாக்டர்” என்றார். “ரப்பர் தோணல.”

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகக் காலை மடக்கி உட்கார்ந்து முதல் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். “எடுத்துட்டேல்ல? வா. இப்ப ஆடு. உன் வேகத்தை நானும் பாக்கறேன்.”

ஒயரைப் பற்றவைத்து, ரப்பரை எடுத்துவிட்ட கன்ட்ரோலர். முப்பத்தொரு வருஷக் கணக்கு இன்றோடு தீர்ந்தது என்று பட்டனை அழுத்தினேன்.

என் திருடன் விளிம்புக்கு ஒன்றரை அடி முன்னாலேயே துள்ளினான். துள்ளி, சந்தின் நட்டநடுவே போய் இறங்கினான்.

இன்னொரு தடவை. அதே சந்து, அதே நாய். மூன்றாவது தடவையும் அதேதான். என் கைக்கு விளிம்பில் அழுத்தத் தெரியவில்லை. ரப்பர் நசுங்கும் நேரத்தைக் கணக்கில் வைத்து முன்னாலேயே அழுத்தி அழுத்தி அதற்கு அதுதான் பழக்கம். எமுலேட்டரில் தாமதத்தை வைத்தது பெரிதில்லை. என் விரலிலேயே அது ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா தலையணையைக் கட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “பாசஞ்சர் இப்ப ஆள் ஏறுறதுக்கு முன்னாடியே கிளம்பிடுதுடி!”

அவள் போன பிறகு பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரப்பர் இருந்தாலும் தோற்கிறேன், இல்லாவிட்டாலும் தோற்கிறேன். சனிக்கிழமை போய், ‘ஆமாம், எல்லாம் தப்பு, எட்டு வருஷமாக நான் அளந்தது ஸ்ட்ராபெர்ரி ரப்பரை’ என்று சொன்னால் அட்டையும் போகும், பெயரும் போகும். கைக்கடிகாரத்தை வைத்தா அளந்தீர்கள் என்று கேட்டவளிடம் இனி மன்றம் என்ன கேட்கும்? வெள்ளிக்கிழமை காலை நான் என்ன செய்தேன் என்று நேராகவே சொல்கிறேன். ரப்பரை எடுத்த இடத்திலேயே வைத்தேன். திருகாணிகளை முடுக்கினேன். சீலை ஒட்டினேன், அதே வெள்ளைப் பசையில்.

எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். முப்பத்தொரு வருஷம் அந்தப் பெட்டி எப்படி இருந்ததோ அதுதானே அதன் உண்மை? எது ஒட்டினது, எது பிறவியிலேயே வந்தது என்று யார் பிரிக்க முடியும்? நல்ல சமாதானம். எங்கள் அளவுத்திருத்தக் கூடத்தில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவர்கள் நெற்றியிலேயே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன்.

அக்காவிடமிருந்து செய்தி வந்தது: ‘நாளைக்கு என் பேரை இழுத்தே, அப்புறம் பல்வலின்னு எங்கிட்ட வராதே.’

நூலக மாடியில் முப்பது பேர் இருந்தார்கள். பழைய ஃப்யூஸ் என்ற பெயரை வைத்து நான் மனதில் கட்டி வைத்திருந்தது ஒரு முரட்டு முகம். வந்தவர் ஒல்லியாக, சட்டைப் பையில் டெஸ்டருடன், பெட்டியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். லிஃப்ட் மெக்கானிக்காம். கதவு மூடுவதில் கால் நொடி பிசகினாலும் காதில் கேட்டுவிடும் என்றார். என் கட்டுரையை அச்செடுத்து, அடிக்கோடிட்டு, கிளிப் போட்டு வைத்திருந்தார்.

“மேடம், நீங்க அளக்கறப்ப நான் கிட்ட நின்னு பாக்கலாமா? கத்துக்கலாம்னு” என்றார்.

“நில்லுங்க” என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

முதலில் அவர் பெட்டி. எடை இறங்கியது. முதல் கன்ட்ரோலர், இரண்டாவது கன்ட்ரோலர், இரண்டும் ஒரே கோட்டில் வந்தன. பிறகு என் பெட்டி. முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் நொடியில் இருபதில் ஒரு பங்கு, கட்டுரையில் எழுதியபடி, தசமப் புள்ளிவரை. யாரோ சீலைக் குனிந்து பார்த்து, “அட, திறக்கவே இல்ல பாருங்க” என்றார்கள். கைதட்டல். நூலகர் அட்டையைக் கையில் எடுத்துவிட்டார்.

பழைய ஃப்யூஸ் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சிரித்தார், அசடு வழிய.

“அப்ப என்னோடதுதான் கோளாறு. சீல் உடைஞ்ச பெட்டி, எவன் உள்ள என்ன பண்ணினானோ. இத்தனை வருஷம் உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கங்க.”

பையிலிருந்து மார்க்கரை எடுத்தார். ஒரு டேப்பைக் கிழித்து, அதில் எழுதி, தன் பெட்டியின் நெற்றியில் ஒட்டி, ஓரத்தைக் கட்டைவிரலால் தடவி நீவிவிட்டார். பழுது.

நான் நல்லவள் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. அந்த மனிதருக்காகக்கூட இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சரியாக அளக்கிற ஒரு கருவியின் மேல் அந்தச் சொல் ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது. கையெல்லாம் அரித்தது.

“எடுங்க அதை!”

சத்தமாகவே வந்துவிட்டது. நூலகத்தில் யாரும் அவ்வளவு சத்தம் போட்டதில்லை போலிருக்கிறது, கீழ்த்தளத்திலிருந்து ஒருவர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். நான் பழைய ஃப்யூஸின் பெட்டியிலிருந்து டேப்பைப் பிய்த்தேன். பிறகு என் கன்ட்ரோலரைத் திருப்பிச் சீலை உரித்து, அவர் பையிலிருந்த திருப்புளியையே வாங்கித் திருகாணிகளைக் கழற்றி, ரப்பரை எடுத்து மேஜையில் வைத்தேன். டேப்பை என் பெட்டி மேல் ஒட்டினேன்.

“இதுதான் இரண்டாம் கன்ட்ரோலரின் குணம்” என்றேன். “எங்கக்கா வெச்சது. புதன்கிழமையே எனக்குத் தெரியும். நேத்து நானே திரும்ப உள்ள வெச்சேன்.”

பழைய ஃப்யூஸ் ரப்பரை எடுத்து முகர்ந்தார்.

“ஸ்ட்ராபெர்ரி” என்றார். அவ்வளவுதான், கூடமே வெடித்துச் சிரித்தது.

சிரிப்பு அடங்கிய பிறகு நான் அவரிடம் கேட்டேன், இவ்வளவு பேர் ஒத்துக்கொண்ட விஷயத்தை அவர் மட்டும் ஏன் விடவில்லை என்று. அவர் கொஞ்சம் தயங்கினார்.

“எங்கண்ணன் வெளியூர்ல இருக்கான் மேடம். சின்னப் புள்ளையில இந்தப் பெட்டியில அவன் என்னை ஜெயிச்சதே இல்ல. லீவுக்கு வந்தப்ப உங்க எமுலேட்டர்ல ஆடினோம். தோத்துட்டேன். அடுத்த வருஷமும் தோத்தேன். வயசாயிடுச்சு, கை போயிடுச்சுன்னு நெனச்சேன். அப்புறம்தான் ஒரு சந்தேகம் வந்து அளந்து பாத்தேன்.”

அவரும் இரண்டாவது கன்ட்ரோலர்தான். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கைக்கடிகாரத்துக்கும் சேர்த்துக் கேட்டேன்.

திங்கட்கிழமை புதிய பதிப்பு வெளியிட்டேன். இரண்டு கன்ட்ரோலரும் ஒன்று. ஆனால் மெனுவின் அடியில் ஒரு சுவிட்ச் சேர்த்தேன். அதற்குப் பெயர் ‘அக்கா’. அதைப் போட்டால் இரண்டாவது ஆளின் கை பழையபடி பிந்தும். கட்டுரையை நீக்கிவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி, ரப்பரின் படத்தையும் போட்டேன். கேலி செய்தார்கள், சும்மா விடுவார்களா? ஆனால் வாரக் கடைசிக்குள் மன்றம் நிறைய ஒரே புலம்பல்: ‘அக்கா இல்லாமல் ஆட வரவில்லை, முன்னாலேயே குதித்துச் சாகிறேன்.’ ‘தயவுசெய்து அக்காவைத் தானாகவே வரும்படி வையுங்கள்.’ எட்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கான விரல்களை நான் என் விரல் மாதிரியே ஆக்கி வைத்திருக்கிறேன். நூலகத்திலும் இந்தப் புதிய பதிப்பை வைத்தார்கள். அட்டையில் ‘அசலுக்கு மிக நெருக்கமானது’ என்பது இல்லை. என் பெயரும் பழைய ஃப்யூஸின் பெயரும் இருக்கின்றன. மூத்த பிள்ளைகள் வந்ததும் முதலில் மெனுவைத்தான் தேடுகிறார்களாம்.

ரெட்டைச் சடையையும் தேடிப் பிடித்தேன். நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். ‘எந்த ரப்பர்?’ என்று பதில் வந்தது.

அக்காவுக்கு இதில் எல்லாம் வெட்கமே இல்லை. உலகமே தன் பெயரை அழுத்துகிறது என்று வருகிற பேஷன்ட் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நானோ, தினமும் வேலை முடிந்து வந்து, ரப்பர் இல்லாத கன்ட்ரோலரில், நாய்க்குப் பயப்படாமல், விளிம்பில் அழுத்துவதை ஒன்றாம் வகுப்பிலிருந்து கற்றுக்கொண்டேன். முதல் வாரம் ஒரு சந்துகூடத் தாண்டவில்லை. மூன்றாவது வாரம் விரலுக்கு ஏதோ புரிந்தது. ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவைக் கூப்பிட்டேன்.

அவள் வழக்கம்போல முதல் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டாள். முதல் ஆட்டம் நான் ஜெயித்தேன். “சரி, சரி” என்றாள். இரண்டாவதும் ஜெயித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மூன்றாவதில் அவள் திருடன் பாதி வழியிலேயே நாயிடம் மாட்டினான். நாலாவதில் என் நீலச் சட்டைக்காரன் கடைசி மாடியில் நின்று கையை ஆட்டியபோது அக்கா திரையைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா சொன்னது சரிதான்டி” என்றாள். இதைக் கேட்கத்தானே இத்தனை வருஷமும்.

பிறகு அவள் மெதுவாக எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி என் மேஜைப் பக்கம் போய், டிராயரை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

“அந்த ரப்பர் எங்கடி?”

அது என் சட்டைப் பையில் இருந்தது. நான் சொல்லவில்லை.